பெரிய சார் எழுதிய சீட்டு

மாலை நான்கு ஐம்பதுக்குப் பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதிலிருந்து இறங்கவில்லை.

"பாப்பா ஏறவே இல்லையேக்கா. நீங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டீகன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஓட்டுநர்.

ஸ்கூட்டரில் பள்ளிக்கு விரைந்தேன். நான் படித்த அதே மிஷன் பள்ளி. கேட் பூட்டியிருந்தது. தலைமையாசிரியை சிவகங்கையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், கைபேசியை எடுக்கவில்லை. மகளின் தோழிகள் வீடுகளுக்குப் போனேன். அவள் கடைசி மணி அடித்ததும் பையோடு பின்வாசல் பக்கம் போனாள் என்று ஒருத்தி மட்டும் சொன்னாள். பின்வாசலைத் தாண்டினால் புதுவயல் சாலை. நெல் லாரிகள் ஒன்றையொன்று முந்தும் சாலை. என் கணவர் அங்கே தேடப் போனார். நான் மறுபடியும் பள்ளிக்கே வந்து, பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

பள்ளிக்குப் பின்னால் மிஷன் வீட்டில் பெரிய சார் குடியிருப்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கவராக நான் அவரைக் கருதியதும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து, ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஓய்வு சபைப் பதிவேட்டில் மட்டும்தான். இன்றைக்கும் காலை ஜெபத்தில் வந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொள்கிறார். போகச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ஒழுக்கத்தின் தூண் என்று மேடையில் அவரைப் புகழ்வார்கள். அந்த ஒழுக்கம் எனக்குத் தெரியும். அவர் எழுதித் தரும் சீட்டு இல்லாமல் எந்தப் பிள்ளையும் வகுப்பை விட்டு வெளியேறக் கூடாது. எட்டாம் வகுப்பில் காய்ச்சலோடு அவர் அறை வாசலில் நின்றேன். அவர் பேனாவுக்கு மை ஊற்றி, துடைத்து, தேதி போட்டு முடிப்பதற்குள் வராந்தாவிலேயே வாந்தி எடுத்தேன். கழுவிவிட்டுப் போகச் சொன்னார். அதே மனிதருக்குப் போன ஆண்டு சால்வை போர்த்தியபோது நானும் கைதட்டினேன். அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆறரை மணிக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி அவர் நடந்து வந்தார். பின்னால் என் மகள், விரலெல்லாம் மையோடு. நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"கையெழுத்து நல்லாருக்குன்னு பெரிய சார் கூப்பிட்டாகம்மா. சபை மலருக்கு அவுக வாழ்க்கை வரலாறைப் பாத்து எழுதச் சொன்னாக. ஒங்ககிட்டச் சொல்லியாச்சுன்னாக" என்றாள். பிறகு என் காதருகே, "ரெண்டு மணி நேரம் எழுதியும் அவுகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா."

"யார்கிட்ட சார் சொன்னீக?" என்றேன்.

"சீட்டு எழுதி ஆபீஸ் பெட்டியில போட்டேனே. பியூன் கொண்டாந்து தரலையா?"

"பியூன் செத்து நாலு வருசமாச்சு சார். அடக்கத்துல ஜெபம் பண்ணினதே நீங்கதான்."

அவர் சற்று யோசித்தார். வருத்தம் என்று சொல்லக்கூடிய எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படின்னா சரி. நாளைக்குச் சீட்டை இவ கையிலேயே குடுத்து விடுறேன். இன்னும் நாப்பது பக்கம் இருக்கு."