அண்ணன் விரித்த ஆட்டுத்தோல் சிலுவை

சென்ற ஆண்டு தை மாதம். பொங்கல் கழிந்து, கரும்புச் சக்கையை ஊர் இன்னும் பெருக்கி முடிக்கவில்லை. வேலூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில், என் அண்ணன் மேஸ்திரியாக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டைக் குவியலின் உச்சியில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியப் பயிற்சி படிக்கிற பெண்ணுக்குப் பட்டைக் குவியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அண்ணனுக்குச் சோறு கொண்டு போனேன், உயரமாக ஒன்று கண்ணில் பட்டது, ஏறிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்போது தலைக்கு மேலே ஓர் இரைச்சல். வெள்ளி நிறத்தில் ஓர் ஆகாய விமானம் மிகத் தாழ்வாக வந்து, கை நோட்டீசுகளை உதறிவிட்டுப் போயிற்று. சுண்ணாம்புத் தொட்டிகளில் சில விழுந்தன. காய்கிற தோல்களின் மேல் சில. ஒன்று அண்ணனின் தலைப்பாகையிலேயே உட்கார்ந்துகொண்டது.

"பாப்பா, எறங்கி வா. இன்னா போட்டிருக்கான், படி," என்றார் அண்ணன்.

படித்தேன். டிக்கெட் வாங்கினால் வேலூர்க் கோட்டையையும் ஓட்டேரி ஏரியையும் வானத்திலிருந்து சுற்றிக் காட்டுவார்களாம். சனிக்கிழமை வரையில்தான் இருப்பார்களாம். படித்து முடிக்கும்போதே எனக்கு முடிவாகிவிட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

எங்களுக்கு அப்பா இல்லை. நான் படித்தது, பயிற்சிக்குச் சேர்ந்தது எல்லாம் அண்ணன் தயவு. அதனால் அவர் சம்மதமில்லாமல் நான் ஒரு படிகூட ஏறுவதில்லை, பட்டைக் குவியலைத் தவிர. பறக்கிற பேச்சு அவருக்குப் புதிதல்ல. பெண்களும் விமானம் ஓட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்த நாள் முதல் நானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் காதைத் துளைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை ஆரம்பித்தது.

"பொண்ணுங்க பஸ்ஸுல போறதுக்கே நான் ரெண்டு தபா யோசிக்கிறேன். இவ மேகத்துல போறேன்றா," என்றார் அண்ணன்.

குடியாத்தத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவள் என் அண்ணி. வாய் அவளுக்குத் தறியைவிட வேகம். "மேகத்துல கண்டக்டர் கெடையாது. பஸ்ஸுக்கு அது எவ்ளோ மேலு," என்றாள்.

"பக்கத்துல எவன் உக்காருவான்னு தெரியுமா?"

"எவனும் உக்கார மாட்டான். நான் உக்காருவேன்."

விமானியின் இருக்கைக்கு முன்னால் பள்ளம்போல ஓர் இடம், அதில் இருவர் தோளோடு தோள் உரச உட்காரலாம் என்று நோட்டீசில் படம் போட்டிருந்தது. அண்ணி அதை எப்போதோ கவனித்து வைத்திருக்கிறாள்! அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. ஒரே தபா. போய்ட்டு வந்தப்பறம் பறக்கற பேச்சே இந்த வூட்ல இருக்கக் கூடாது. ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? அந்த ஒரே தடவைக்காக மீதி ஆசையெல்லாம் அடமானம் போயிற்று. தூங்கப் போகும் முன் அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: "ஷாப்பு மேலதான போவும்? நான் கீழ ஒரு அடையாளம் போட்டு வைக்கிறேன். நான் எங்க கீறேன்னு உங்களுக்குத் தெரியணும்." என்ன அடையாளம் என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை நானும் அண்ணியும் மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்றால் ஷாப்புக்குச் சற்றுத் தள்ளி, அதே ஆற்றங்கரையில், கடலை பிடுங்கிய மேட்டு நிலம். நடுவில் இரண்டு நீளமான வெள்ளைத் துணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, மூலைகளில் கல் வைத்திருந்தார்கள். "இதுதாம்மா மேலேர்ந்து வர்றவருக்கு ஸ்டேஷன் போர்டு. இத்தப் பாத்துத்தான் தொரை எறங்குவாரு," என்று டிக்கெட் கொடுப்பவர் விளக்கினார்.

தலைக்குத் தோல் குல்லாய் கொடுத்தார்கள். அண்ணி அதைப் போட்டுக்கொள்ளும் முன் மோந்து பார்த்தாள். "ஆட்டுத்தோலு. நல்லா ஊறல," என்று அறிவித்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டாள்.

விமானம் ஓடியது, குதித்தது, பிறகு குதிப்பது நின்றுபோயிற்று. எழும்பிவிட்டோம் என்பதே அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணி கண்ணை இறுக மூடி, என் முழங்கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நான் மூட மறந்துவிட்டேன்.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! பாலாறு முழுக்க மணல். அதில் மருதாணிக் கோடுபோலச் சிவந்த வெயிலில் ஒரு சிறு தண்ணீர் ஓடை. கோட்டையைச் சுற்றிலும் அகழி பச்சை நிறத்தில் மடிப்புக் கலையாத ரிப்பன். தினமும் நடந்து கால் கடுக்கும் கடைத்தெரு என் கட்டை விரலுக்குள் அடங்கிவிட்டது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம் மூக்குக்கு! பிறந்தது முதல் தோலும் சுண்ணாம்பும் பட்டையும் கலந்த வாசனையிலேயே வளர்ந்தவள் நான். அங்கே மேலே எந்த வாசனையும் இல்லை. வெறும் குளிர்ச்சி.

ஓட்டேரிக்கு மேலே திரும்பியபோது ஒரு பக்கம் சாய்ந்தோம். மலைகளுக்கு நடுவே ஏரி முழுசாக என் கன்னத்துக்குக் கீழே கிடந்தது. அதன் மேல் ஒரு கறுப்புப் பூச்சி நீந்திப் போனது. எங்கள் நிழல்! அண்ணியை உலுக்கினேன். கண்ணைத் திறந்தவள் பிறகு மூடவேயில்லை. என் காதில் ஏதோ கத்தினாள். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது சூரியன் நேர் எதிரில். ஆற்று மணலில் கண் கூசியது. அந்தக் கூச்சத்துக்குள்ளே கீழே ஒரு வெள்ளைச் சிலுவை தெரிந்தது. மைதானம் வந்துவிட்டது என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. விமானம் இறங்க ஆரம்பித்தது.

திடீரென்று மூக்கில் அந்த வாசனை.

மைதானத்தில் அது கிடையாது. எட்டிப் பார்த்தேன். பட்டைக் குவியல்! எங்கள் ஷாப்பின் காயப்போடும் களம்! பதனிட்டுக் கழுவிய வெளுத்த ஆட்டுத்தோல்களை வரிசையாக விரித்துச் சிலுவை போட்டு வைத்திருக்கிறார் அண்ணன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்களை ஆண்டவர் காக்கட்டும் என்று, அவருக்குத் தெரிந்த அடையாளத்தைப் போட்டிருக்கிறார். விமானியோ ஊருக்குப் புதியவர், கண்ணில் வெயில் வேறு. அவருக்குச் சிலுவை என்றால் இறங்கும் இடம். களம் முடிகிற இடத்தில் வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

பின்னால் திரும்பி இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று. விமானி சந்தோஷமாகப் பல்லைக் காட்டி, தாமும் ஒரு கையை ஆட்டினார்! ஆங்கிலத்தில் கத்தினேன். காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. அண்ணி எழுந்து நிற்கப் பார்த்தாள். இடுப்பு வார் விடவில்லை. "யோவ் தொர! அது எங்க ஷாப்புய்யா!" என்று அவள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

கீழே அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். தங்கை தம்மைப் பார்க்கத் தாழ்வாக வருகிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு குதிப்பது நின்றது. கை இறங்கியது. விமானம் நேரே சிலுவையைக் குறிவைத்து இறங்குவதைக் கண்டுகொண்டார். திரும்பி ஆட்களிடம் ஏதோ கத்தினார். அடுத்த நிமிஷம் ஷாப்பே களத்தில் இருந்தது. ஆளுக்கு ஒரு கை, அகப்பட்ட தோலை வாரிக்கொண்டு ஓடினார்கள். சிலுவையின் ஒரு கை காணாமல் போயிற்று. பிறகு மறு கை. நடுவில் அண்ணன் மட்டும் நின்று, கடைசித் தோல்களைச் சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டிருந்தார்.

குறி கலைந்ததைக் கண்ட விமானி வெடுக்கென்று விமானத்தை மேலே தூக்கினார். தொட்டிகளுக்கு மேலே நாங்கள் பறந்தபோது அண்ணனின் தலைப்பாகை காற்றில் போவதைப் பார்த்தேன்.

மைதானத்தில் பூப்போல இறங்கினோம். நான் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். விமானியின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது, கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் அண்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தலைப்பாகை இல்லை, தோளில் ஓர் ஆட்டுத்தோல் அப்படியே கிடந்தது. சைக்கிளைக் கீழே போட்டார். எங்கள் இருவரின் தலை, கை, கால் எல்லாவற்றையும் பார்வையாலேயே எண்ணினார்.

"எங்கள எறக்கத்தான் கூப்ட்டியா, பொதைக்கக் கூப்ட்டியா?" என்றாள் அண்ணி. "சிலுவ வேற போட்டு வெச்சிக்கிற, முன்னாடியே!"

அண்ணன் கீழே கிடந்த சைக்கிளை எடுத்து நிறுத்தினார். விமானி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோதும் அவர் பார்வை விமானத்தின் மேலேயே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே தடவை என்ற பேச்சு இனிக் கல்லில் வெட்டினது மாதிரி.

வீட்டுக்கு நடந்தோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணன் முன்னால் போனார். பாதி வழியில் கேட்டார்: "ஏரி எப்டி இருந்திச்சி?"

சொன்னேன். கோட்டை, ஏரி, நிழல், வாசனையில்லாத காற்று என்று மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணியும் இடையிடையே எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அந்தத் தொரைக்கு எது ஷாப்பு, எது மைதானம்னு தெரில," என்றார் கடைசியில்.

"ஊருக்குப் புதுசுண்ணா."

"அதத்தான் சொல்றேன். ஓட்டனது நீயா இருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. "வா வா, பொழுது போவுது," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள்.

பயந்தவர் கதவைச் சாத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். பயந்ததனாலேயே என் அண்ணன் அதைத் திறந்தார். என் ஆசிரியப் பயிற்சி முடிந்ததும் நாங்கள் மூவரும் சென்னைக்கு ரயிலேறப் போகிறோம். விமானம் ஓட்டக் கற்றுத் தருகிற இடத்தில் பெண்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று நேரிலேயே கேட்கப் போகிறோம். மாட்டோம் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னைப் பத்திரமாக இறக்க ஒரு சிலுவையையே கையால் கலைத்த மனிதர் கூட வருகிறார், அது போதும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.