விழுங்க

என் அத்தான் விழுந்து பிழைத்தவர். மேடையில் அவர் நாற்காலியில் உட்காரப் போவார், நான் அதை இழுத்துவிடுவேன், தொபுக்கடீர்! சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். "விழறது ஒரு வித்தையா?" என்று கேட்கிற மேதாவிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருமுறை விழுந்து பார், உன் இடுப்பு சொல்லும்.

வீட்டில் பழகும்போது, "விழுறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் விழுவார். கல்யாணமான புதிதில் சத்தம் கேட்டு அக்கா அடித்துப் பிடித்து ஓடிவந்ததால் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவள் அடுக்களையிலிருந்தே, "விழுங்க, விழுங்க" என்பாள். தரையில் கிடந்தபடி அவர், "எதை விழுங்க? இன்னும் சோறே போடலையே!" என்பார். தினமும் இதே பாட்டு. எனக்குச் சலித்துவிட்டது. அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

விழுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைப்பார். ஒருநாளும் மறந்ததில்லை.

போன வியாழக்கிழமை காலையில், "விழுறேன்" என்றிருக்கிறார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "விழுங்க, விழுங்க" என்றாள். பதில் வரவில்லை. போய்ப் பார்த்தால், குப்புறக் கிடக்கிறார், பேச்சு மூச்சில்லை. அடுத்த தெருவிலிருந்து நான் ஓடிவந்து அவரைப் புரட்டினேன். முகத்துக்கு அடியில் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அவள் பார்க்குமுன் வாரிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் வந்து கையை விரித்துவிட்டார்.

"நெஜமாவே என்னைக் கூப்பிட்டாராடா?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பழகிட்டிருந்தாருக்கா. அப்பத்தான் நெஞ்சு அடைச்சிருக்கு."

"கண்ணாடி?"

"கழட்டித்தான் வச்சிருந்தாரு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் அது போதுமாக இருந்தது, பாழாய்ப்போன மனசு.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் விழுந்த கதைகளை ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். தையல்காரர் ஒருவர் நடித்தே காட்டப் போய், நிஜமாகவே சறுக்கி விழுந்தார். சாவு வீட்டில் சிரிப்பு. அத்தான் விட்டுப்போன சொத்து அவ்வளவுதான். அக்காகூட அழுகையோடு சிரித்துவிட்டாள்.

தூக்கப் போகும்போது, "இருங்க" என்று எழுந்தாள். "கண்ணாடி இல்லாம அவருக்கு எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது. போட்டு அனுப்புவோம்."

நேரே ஜன்னலுக்குப் போனாள். திட்டைத் துழாவினாள். திரைச்சீலையை விலக்கி மறுபடியும் துழாவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கை சட்டைப்பையை மூடிக்கொண்டிருந்தது.

"விழுங்கன்னு சொன்னேனேடா" என்றாள்.