மெஷினைத் தொடலாம், உப்பைத் தொடக்கூடாது

எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். விமானம் ஏறிப் போனேன், மூன்று வாரம் இருந்தேன், விரட்டிவிட்டார்கள். ஏன் விரட்டினார்கள் என்பதற்கு எங்கள் ஊர் மரக்காணத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். திருடி மாட்டிக்கொண்டேன் என்றுகூட டீக்கடையில் ஒருவன் சொன்னானாம். அட, திருடியிருந்தாலாவது கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

நான் பிறந்தது உப்பளக் கூலி வீட்டில். இருபது வயதுவரை பாத்தியில் உப்பு வாரினேன். பிறகு வானூர் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். உப்பைக் கழுவி அரைக்கிற மெஷின் செய்யும் பட்டறை அது. என் மனைவி மட்டும் அளத்தை விடவில்லை. விடமுடியவில்லை என்பதுதான் சரி. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் என் ஒரு சம்பளம் எந்த மூலைக்கு? அவளுக்குச் சர்க்கரை வேறு. வலது காலில் ஒரு புண், ஆறுமாதமாக ஆறவே இல்லை. "இன்னும் ஒரு சீசன் உப்புத் தண்ணியில நின்னா கால எடுக்க வேண்டியதுதாம்மா" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் அவள் அந்தக் காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெஷின் ஒன்றை வெளிநாட்டு உப்புக் கம்பெனி வாங்கியது. மாட்டிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். விற்ற மெஷினை மாட்டி, ஓட்டச் சொல்லிக் கொடுக்க வருகிற ஆளுக்கு வேலை பெர்மிட் தேவையில்லையாம். பிசினஸ் விசிட்டர் என்று உள்ளே விட்டுவிடுவார்களாம். பட்டறை ஆபீசில் காகிதம் பார்க்கிறவர் என்னை உட்காரவைத்துப் பாடமே எடுத்தார்.

"மெஷினத் தொடலாம். அவங்க உப்பத் தொடக்கூடாது. ஒரு கூடை உப்பு வாரிப் போட்டாலும் அது வேல. வேலைக்கு பெர்மிட் வேணும். புரியுதாப்பா?"

"புரியுதுங்க" என்றேன். இதென்ன கம்பசூத்திரமா என்று மனசுக்குள் ஓர் அலட்சியம்.

முதல் வாரமே மெஷின் ஓடிவிட்டது. அங்கிருந்த மேனேஜருக்கு என்னைப் பிடித்துப்போனது. இரண்டு வருஷத்துக்கு இங்கேயே வேலைக்கு இரு, முறையாக பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மனுவும் போட்டார். அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்தேன். அந்தச் சம்பளம் வந்தால் அவள் அளத்துக்குப் போகவேண்டாம்.

"பெர்மிட் கைக்கு வந்ததும் சொல்லுங்க. அன்னிக்கே உப்பு வாருற பலகைய மேஸ்திரிகிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுறேன்" என்றாள்.

வியாழக்கிழமை பெர்மிட் வந்துவிடும் என்றார்கள். புதன்கிழமை மதியம் மழை வந்தது.

ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். கழுவிய உப்பு முற்றத்தில் குவியலாகத் திறந்து கிடந்தது. வானம் கருத்து, காற்று குளிர்ந்து அடித்தது. எங்கள் ஊரில் அந்தக் காற்று வந்தால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். சோற்றில் கை வைத்தவன் கழுவாமல் ஓடுவான். சண்டைக்காரன் உப்பாக இருந்தாலும் ஓடிப்போய் ஓலை போட்டு மூடுவான். மூடிவிட்டு வந்து சண்டையைத் தொடர்வான். நானும் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, சத்தியமாக. முதல் துளி விழும்போது கையில் மண்வெட்டி இருந்தது. சிதறிக் கிடந்ததை வாரி மேலே எறிந்தேன். தார்ப்பாயை இழுத்துப் பாதிக் குவியலை மூடிவிட்டேன்.

மீதியை மூடத் திரும்பினால், குடை பிடித்துக்கொண்டு இரண்டு அதிகாரிகள் நிற்கிறார்கள். வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட்டைச் சோதிக்க வந்தவர்கள். ஒருவர் போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஆபீசில் விசாரணை. மொழிபெயர்க்க ஒரு பெண் போனில் வந்தார். செய்தி வாசிப்பது போன்ற தமிழ்.

"உங்களை இதைச் செய்யச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லலீங்க."

"மேலாளர் உத்தரவிட்டாரா?"

"அவரு சாப்பிடப் போயிட்டாருங்க. மழ வந்துச்சி, உப்பு நனையுது, அதான்."

"அது உங்கள் உப்பு இல்லையே?"

"இல்லீங்க" என்றேன். வேலை செய்ததை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் வந்து எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். மனு தள்ளுபடி. சில வருஷம் அந்த மண்ணை மிதிக்கக்கூடாது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை. வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பட்டறை முதலாளி என்னை நிற்கவைத்தே கேட்டார். "கையக் கட்டிக்கிட்டு சும்மா நிக்க முடியலையாடா உன்னால?" அந்தக் கம்பெனி தருவதாக இருந்த அடுத்த ஆர்டர் போனதில் என் வேலையும் போயிற்று. சும்மா நிற்க முடியவில்லைதான். நாசமாய்ப்போன கை. எத்தனை நாள் அதைத் தரையில் அடித்துக்கொண்டேன் தெரியுமா?

ஏன் ஓடினாய் என்று ஊரே கேட்டது. கேட்டவர்கள் அத்தனை பேரும் ஓடியிருப்பார்கள், அது வேறு விஷயம். கேட்காதவள் என் மனைவி மட்டும்தான். வேறு வழியில்லாமல் நானும் அவளோடு பாத்தியில் இறங்கினேன்.

சித்திரையில் ஒருநாள் பிற்பகல் திடீரென்று இருட்டியது. எல்லோரும் வரப்பில் ஓடினார்கள். எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

"ஏய், நில்லு! காலு, காலு!" என்று கத்தினேன்.

"உப்பு போயிடுமேங்க!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழை விட்டபின் கரையில் உட்காரவைத்து ரப்பர் பேண்டைக் கழற்றினேன். கவர் கிழிந்திருந்தது. உள்ளே உப்புத் தண்ணீரும் ரத்தமும். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நாள் கழித்து முன்பாதத்தை எடுத்தார்கள்.

மறுநாள் வார்டில் கஞ்சி குடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அங்க மூடினீங்களே, அந்த உப்பு தப்பிச்சிதா?" என்று கேட்டாள்.

"பாதிதான் மூடினேன். அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப மீதி கரஞ்சிதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.