சோளத்துக்கு ஆறுதல்

தேவமலர் அக்கா ஜெர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் இருபது வருடமாகச் சமைக்கிறார். மெக்சிக்கோவிலிருந்து திரும்பியதும் அவருக்கு ஒரு கதை சொன்னேன். சோளம் நெருப்புக்குப் பயப்படாதிருக்க, பானையில் போடுமுன் அஸ்டெக் பெண்கள் அதன்மீது ஊதுவார்களாம். மறுநாளே அக்காவும் ஊதினார். சுகாதாரப் பரிசோதகர் நிருஜன் கண்டுவிட்டார். வேலையே போகும் நிலை வந்தது.

“அக்கா, அது எச்சில் எல்லோ?” என்றார் நிருஜன்.

“சாமிக்குப் படைச்சால்தான் தம்பி எச்சில். இது பயந்துபோய்க் கிடக்கு.”

“இது டின் சோளம். ஏற்கெனவே அவிச்சது.”

“அதுதான் ராசா. ஒருக்காச் சூடுபட்டதுக்குப் பயம் கூட.”

நிருஜன் பேனையை எடுத்தார். ஆறுதலை வாயால் சொல்லலாம், ஊதக்கூடாது என்று படிவத்தில் எழுதினார். வேலை தப்பியது. இப்போது அக்கா இரண்டடி தள்ளிநின்று சோளத்தோடு ஜெர்மன் பேசுகிறார். இங்கே விளைந்ததற்குத் தமிழ் விளங்காதாம்.