அலமாரியில் இன்னொருவர் சான்றிதழ்

சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீட்டுப் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. மகளின் பிறப்புப் பத்திரம், அவளுடைய பள்ளிச் சான்றிதழ்கள், எங்கள் திருமணப் பதிவு, காப்புறுதிக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாள் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, இயந்திரப் பொறியியல் படித்த ஓர் இளைஞருக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழ் அது. கெட்டியாக லேமினேட் செய்யப்பட்டது. இடப்பக்கக் கீழ் மூலையில் மட்டும் பிளாஸ்டிக் பிரிந்திருக்கிறது. அதோடு தாளின் மேல்தோலும் உரிந்து வந்ததில், அங்கிருந்த முத்திரையில் பாதியைக் காணோம். ஏதோ மட்டமான கடையில் லேமினேட் செய்திருப்பார்கள் என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எதையாவது தேடி அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். சட்டென்று மூடிவிடுவேன். அதன் பிறகு அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

அது என்னிடம் வந்த காலத்தில் நான் ஜூரோங்கில் ஓர் இரும்புப் பட்டறையின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். கப்பல் கட்டுபவர்களுக்குக் குழாய்களும் தாங்கிகளும் செய்துகொடுக்கும் நிறுவனம். மனிதவளப் பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யவேண்டாம். நானும் ஓர் அச்சு இயந்திரமும்தான். பிடோக்கிலிருந்து பூன் லே வரை ரயில், அங்கிருந்து நிறுவனப் பேருந்து. அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் என்பதால் பல்வலி, ஊரில் சாவு, மேலாளர் அனுப்பிய கடிதத்தின் அர்த்தம் என எல்லாமே என் மேசைக்கு வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் ‘மேடம்’ என்பார்கள், அடுத்த வாரம் ‘அக்கா’ என்பார்கள். நான் எல்லோரையும் ‘தம்பி’ என்பேன். இந்தச் சான்றிதழுக்கு உரியவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் வந்த முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. படிவத்தை நான் நிரப்பிக்கொண்டே வந்தேன். கல்வித் தகுதி என்ற கட்டம் வந்ததும் கேட்டேன். “டென்த், மேடம்” என்றார். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் தானே எழுதித் தருவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கினார். எல்லாம் பெரிய எழுத்துகள், ஒரே உயரம், ஒரே சாய்வு. என் மேசை வழியாகப் பட்டறைக்குப் போகும் வரைபடங்களின் ஓரத்தில் அந்தக் கையெழுத்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். வரைபடம் போடக் கற்றுக்கொண்டவர்கள் மட்டும்தான் அப்படி எழுதுவார்கள். நிமிர்ந்து பார்த்து, “பத்தாவதுதானே, தம்பி?” என்று மறுபடி கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஏஜென்ட்டு அப்படித்தான் எழுதச் சொன்னாரு, மேடம்” என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பட்டம் படித்தவன் சொன்ன வேலையைச் செய்யமாட்டான், ஆறே மாதத்தில் வேறு இடத்துக்குத் தாவிவிடுவான் என்று முதலாளிகள் பயப்படுவார்களாம். அதனால் முகவர்கள் நான்கு வருடப் படிப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். பேருந்து புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் ‘10’ என்று எழுதி, கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். தம்பி எனக்காகக் காத்திருந்ததைப் போலச் சந்தைக்கு வெளியே நின்றிருந்தார். கையில் துணிக்கடைப் பை. உணவங்காடியில் இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தேன். இடம் கிடைத்ததே பெரிய காரியம்; ஞாயிற்றுக்கிழமையில் அங்கே நாற்காலிக்கு அடிதடியே நடக்கும். பையிலிருந்து சான்றிதழை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர், படிக்கத் தெரியாதவர். பட்டமளிப்பு விழா அன்றைக்கே பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த கடையில் அதை லேமினேட் செய்துவிட்டாராம். “மழைல நனைஞ்சிரக் கூடாதுன்னு, எங்கிட்டக்கூடக் கேக்கலக்கா” என்று சிரித்தார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் முதல் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தில் அங்கே அரசாங்கச் சலுகை உண்டு. முதல் பட்டதாரி என்று வருவாய்த்துறை சான்றிதழ் கொடுக்கும். அதை வைத்துத்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் வயலைத் தூர்த்துக் கட்டிய ஒரு கல்லூரியில் படித்தார். ஆனால் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அடுத்து வந்த தங்கைக்கு இடம் கிடைத்தபோது, உன் அண்ணன்தான் பட்டதாரி ஆயிற்றே என்று சொல்லிவிட்டார்கள். “பாப்பாவுக்கு என்னைவிட மார்க்கு ஜாஸ்திக்கா. இப்ப திருச்சில துணிக்கடைல நிக்குது. அது படிச்சிருக்க வேண்டியதக்கா இது” என்று சான்றிதழைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பட்டம் அதுவரை ஒரே ஓர் இடத்தில்தான் செல்லுபடியாகியிருந்தது, தங்கைக்குக் கிடையாது என்று சொல்வதற்கு.

“இது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. டார்மிட்டரில எவனாச்சும் பாத்தா கிண்டல் பண்றான். நேரம் வந்தா நீங்களே ஆபீஸ்ல சொல்லுங்க. நானாப் போய்ச் சொன்னா பொய் சொன்னவன்னு ஆயிரும். ஒரு சூப்பர்வைசரா மேல வந்துட்டன்னா பாப்பாவ எதாச்சும் படிக்க வச்சிருவேன்” என்றார். “சரி தம்பி, பாத்துக்கறேன்” என்று சொன்னேன். மீன் பைக்கும் சான்றிதழுக்கும் நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். உயர்நிலைப் பள்ளியில் நான், மதிப்பெண் குறைந்தவர்களுக்கான வழக்கநிலைப் பிரிவில் போடப்பட்டவள். பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு பரீட்சை முடிவு செய்த விஷயம் அது. விரைவுநிலைப் பிள்ளைகள் மாடியில், நாங்கள் கீழே. அதன் பிறகு எந்தப் படிவத்தில் கல்வித் தகுதிக் கட்டம் வந்தாலும் என் கை தயங்கும். பகல் முழுக்க வேலை பார்த்து, மாலை வகுப்புகளுக்குப் போய், அரும்பாடுபட்டு அந்த மேசைக்கு வந்தவள். படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதப்படுவது ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று என்னைவிடத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. தெரிந்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலையில் மேலாளர் கூப்பிட்டார். பட்டறைக்கு இன்னொரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். உள்ளேயிருந்தே எடுக்கலாம் என்பது அவர் யோசனை. தம்பியின் பெயரைச் சொல்லி, அவர் வரைபடத்தைப் பார்த்ததுமே தவறைக் கண்டுபிடித்துவிடுகிறார், டிப்ளோமா ஏதாவது இருக்கிறதா பார் என்றார். அந்தப் பதவிக்கு வேறு வகை வேலை அனுமதி வேண்டும், அதற்குப் படிப்பு வேண்டும். நான் போய்க் கோப்பை எடுத்தேன். ‘10’. கீழே என் கையெழுத்து. அந்த இரண்டு நிமிடத்தில் என்னென்னவோ ஓடியது. பொய்த் தகவல் என்று மனிதவள அமைச்சு கேட்டால் முதலில் அவர் போவார், பின்னால் சரிபார்த்தவள் போவாள். மகளுக்கு அது தொடக்கப்பள்ளிக் கடைசி வருடம். வீட்டுக்கடன் பாக்கி. திரும்பி வந்து, “பத்தாவதுதான் சார்” என்றேன். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். “வேஸ்ட் லா” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அமைச்சுக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தவறாக எழுதிவிட்டோம், திருத்த வழி உண்டா என்று. இல்லை என்றிருப்பார்கள், உண்டு என்றும் சொல்லியிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு தம்பி அவர் பின்னால் நடப்பதை என் சன்னலிலிருந்து பார்ப்பேன். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. வணக்கம் சொல்வது மட்டும் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போவதாகச் சொன்னார். கடைசி நாள் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சான்றிதழைக் கேட்பார் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரமே நான் ஞாபகமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும். “வரேன்க்கா” என்றார். போய்விட்டார்.

அவராகவே வேண்டாம் என்று விட்டுவிட்டார், மறைக்கச் சொன்னவரும் அவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் பல வருடங்கள் ஓடின. வேறு நிறுவனத்துக்கு மாறினேன். இப்போது படிவமெல்லாம் திரையில்தான். கல்வித் தகுதியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். என்னைக் கீழ்மாடியில் உட்காரவைத்த அந்தப் பிரிவுகளையே பள்ளிகளில் எடுத்துவிட்டார்கள். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துப் பல்கலைக்கழகம் போகிறாள். கல்வி ஏழை நாடுகளை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று சமூக மன்றத்தில் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எத்தனை கல்லூரி, எத்தனை இடம் என்று சொல்கிறார்கள். படித்து முடித்தவர் அந்தப் படிப்பை எந்தக் கட்டத்தில், யார் முன்னால் விழுங்கினார் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எழுந்து சொல்லவேண்டும் போலிருக்கும். என் பங்கையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று உட்கார்ந்திருப்பேன்.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் பொறியாளர் சேர்ந்தார். அவருடைய சான்றிதழ்களைப் பார்த்துக்கொண்டே, ஒன்றையும் லேமினேட் செய்யவில்லையே, கசங்கிவிடாதா என்று சும்மா கேட்டேன். “ஐயோ மேடம், லேமினேட் பண்ணா வெளிநாட்டுல செல்லும்னு முத்திரை வச்சுத் தரமாட்டாங்க. எங்கப்பா தெரியாமப் பண்ணிட்டாரு. பிளேடு வச்சுப் பிரிக்கப் போயி, மூலைல எழுத்தோட சேந்து பிஞ்சிருச்சு. இது டூப்ளிகேட். இதை வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு” என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கோப்பைத் திறந்தேன். மூலையில் பிளாஸ்டிக் தானாகப் பிரிந்திருக்கவில்லை. பிளேடு போன கோடு நேராகத் தெரிந்தது.

பழைய ஆட்களிடம் கேட்டுத் தம்பியின் தொலைபேசி எண்ணை வாங்கினேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டேன். பெரம்பலூர்ப் பக்கம் வீட்டுக் கதவு, சன்னல் கம்பிகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறாராம். பின்னால் இரும்பு அறுபடும் சத்தம். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார். மூலையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். “அதுவாக்கா? ஊர்ல முத்திரை வாங்கி அனுப்பிட்டா, பத்தாவதுன்னு இருக்கறத மாத்திரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ரூம்லயே பிளேடு வச்சுப் பாத்தேன். சீல் கையோட வந்துருச்சு, பயந்துட்டேன். அடுத்த நாள்தான் தேக்காவுல வந்து உங்ககிட்டக் குடுத்தது” என்றார். அப்படியானால், நான் இத்தனை வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டதைப் போல அவர் அதை மறைக்கக் கொடுக்கவில்லை. தன்னால் முடியாததை நான் செய்வேன் என்று கொடுத்திருக்கிறார்.

மேலாளர் கேட்டதையும், நான் இல்லை என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். அறுக்கும் சத்தம் தூரமானது. அவர் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்க வேண்டும். “விடுங்கக்கா. பத்தாவதுன்னு சொன்னது நான்தானே” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தங்கையைப் பற்றிக் கேட்டேன். “பாப்பாவா? அதே கடைதான்க்கா. இப்ப கல்லாவுல உக்காருது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குக் கேட்கக் கூடாதென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், முகவரி சொல்லுங்கள் என்றேன்.

“வேணாம்க்கா” என்றார் அவசரமாக. ஏன் என்றேன். குரலைத் தாழ்த்தினார். “அப்பா இங்க வாசல்லதான் உக்காந்திருக்காரு. அடிக்கடி கேப்பாரு, சர்ட்டிபிகேட் எங்கடான்னு. சிங்கப்பூர் ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க, அதப் பாத்துத்தான் எனக்கு வேலையே குடுத்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். திருப்பி அனுப்பலையான்னு கேட்டா, அந்த ஊர்ல அப்படித்தான்பா, பத்திரமா வச்சிருப்பாங்கன்னு சொல்லுவேன். அந்த மூலையோட இப்ப வீட்டுக்கு வந்துச்சுன்னா அவருக்கு என்னக்கா சொல்றது? அங்கயே இருக்கட்டும்.”

சரி தம்பி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குத் தேக்காவில் சொன்ன அதே வார்த்தை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உரிந்த மூலையை விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் மகளின் சான்றிதழ்களைப் போட்டுவைத்திருக்கும் உறைகளில் ஒன்றைக் காலி செய்து, அதற்குள் சான்றிதழைச் செருகி, கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். இனி கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தெரியும். யாருடையது என்று மகள் கேட்பாள், சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு தகப்பனார், தன் மகனின் பட்டத்தைச் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் பத்திரமாக வைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அலுவலகம் நான்தான்.