முடிச்சக்கா கட்டிய சென்சார்கள்

அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர் வைத்தவர்கள் கான்கிரீட் யார்டில் கம்பி கட்டுகிறவர்கள். அதில் கேலி கொஞ்சம், மரியாதை கொஞ்சம். நகரத்தின் குன்றுக்கு அடியில் சுரங்கப்பாதை வந்துகொண்டிருந்த காலம் அது. சுரங்கத்தின் சுவர் முழுவதும் வளைந்த கான்கிரீட் துண்டுகளால் ஆனது. அவற்றை யார்டில் வார்த்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், உள்ளே வளையம் வளையமாகப் பொருத்துவார்கள். வார்ப்பதற்கு முன்னால் கம்பிக்கூட்டுக்குள் தலையை நுழைத்து, சோப்பு டப்பா அளவு பெட்டி ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவதுதான் அவள் வேலை.

பெட்டிக்குள் ஒரு பேட்டரியும் ஒரு சின்ன ரேடியோவும் இருக்கும். அதோடு சேர்ந்த சென்சார், கான்கிரீட் எவ்வளவு நெரிபடுகிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும். வெளியே ஒரு வயர்கூட நீட்டிக்கொண்டிருக்காது. கான்கிரீட் இறுகிவிட்டால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அவ்வப்போது அது விழித்துக்கொண்டு, சுரங்கச் சுவரில் மாட்டியிருக்கும் ரிசீவருக்குத் தன் அளவைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

கட்டு தளர்ந்தால் எல்லாம் வீண். கான்கிரீட்டைக் கொட்டி அதிரவைக்கும்போது பெட்டி நழுவி ஆழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து ரேடியோ அலை வெளியே வராது. அதனால் ஒரு முடிச்சு போதும் என்கிற இடத்தில் அவள் இரண்டு போடுவாள். இழுத்துப் பார்ப்பாள். நகர்ந்த பிறகும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள்.

"முடிச்சக்கா, போதும் விடுங்க. என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சு வைக்கல" என்பான் ஒரு கம்பிக்காரன்.

"அதான் நீ இப்படி ஊர் சுத்திட்டுத் திரியற" என்பாள் அவள், தலையை வெளியே எடுக்காமலே.

அதற்கு முன் அவள் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தாள். உடைந்த போனைக் கொண்டுவந்த ஒரு இன்ஜினியர், சால்டரிங் வைக்கும்போது அவள் கை துளியும் ஆடாததைப் பார்த்துவிட்டு, போனோடு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கடைக்காரர் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார். சுரங்கம் திறந்து யார்டை மூடியபோது மற்றவர்கள் கலைந்து போனார்கள். அவளைக் கண்காணிப்பு அறையில் வைத்துக்கொண்டார்கள்.

சுரங்கத்தின் வாயருகே, காற்று தள்ளும் பெரிய ஃபேன்களுக்கு மேல் இருந்தது அந்த அறை. மேஜையில் தண்ணீர் டம்ளரை வைத்தால் அது லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். சுவர்த் திரையில் சுரங்கத்தின் படம், அதன்மேல் சென்சாருக்கு ஒன்றாகப் பச்சைப் புள்ளிகள். அளவு கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குச் சம்பளமா என்று முதலில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. போகப்போக, புள்ளிக்குப் பின்னால் ஓடும் எண்களைப் பார்க்கப் பழகினாள். வெயில் காலத்தில் எல்லாம் சேர்ந்து ஏறும், குளிரில் சேர்ந்து இறங்கும். சில பேட்டரி தீர்ந்து வாயை மூடிக்கொண்டன. அதுவும் எதிர்பார்த்ததுதான்.

ஒரு மழைக்காலத்தின் கடைசியில், பக்கத்துப் பக்கத்து வளையங்களில் இருந்த மூன்று சென்சார்கள் மட்டும் தனியாக ஏற ஆரம்பித்தன. புள்ளிகள் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் மற்றவை இறங்கும் நேரத்திலும் இவை இறங்கவில்லை. அவளைக் கடையிலிருந்து கூட்டி வந்த இன்ஜினியர்தான் இப்போது அந்த அறைக்கும் பொறுப்பு. அவரிடம் காட்டினாள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இல்லதான்" என்றார். "ஆனா மஞ்சள் வராம நான் மேல என்னன்னு சொல்றது? போன வருஷம் பட்டது ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. ஒரு ரிசீவர் கெட்டுப்போய் சிவப்பு காட்டியதால் காலை நேரத்தில் சுரங்கத்தை மூடி, நகரமே ஸ்தம்பித்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனது. மேலதிகாரிகள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றார்.

ரெண்டு நாள் ஒரு வாரமாக நீண்டது. எண்கள் இறங்கவில்லை.

முடிச்சக்காவும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க கிளட்ச் மிதித்த முழங்காலுக்கு, சாயங்காலம் வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு, அன்றைக்கு பஸ்ஸில் ஏறியவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள். அவள் ஓட்டிய வழித்தடம் சுரங்கத்துக்குள்ளேதான் போனது.

அன்று அக்கா கதையை ஆரம்பிக்கும் முன்பே தங்கை சொன்னாள்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு வேற ரூட் கேட்டு வாங்கிக்கயேன்."

"ஏன்?"

"சும்மாதான். உனக்கும் அலுத்துப் போயிருக்கும்."

அக்கா வாளியிலிருந்து காலை எடுத்தாள். துண்டால் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "எனக்கு அலுத்துப்போச்சான்னு நீ எப்பவும் கேட்டதில்லையே. சுரங்கத்துல என்னடி ஆச்சு?"

தங்கை சொல்லிவிட்டாள். மூன்று சென்சார்கள், ஏறுகிற எண்கள், மஞ்சளுக்காகக் காத்திருப்பது, எல்லாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொன்னாள்.

"நான் வேற ரூட் வாங்கிட்டா அந்த பஸ் நின்னுடுமா?" என்று கேட்டாள் அக்கா. "எனக்குப் பதிலா ஒருத்தர் ஓட்டுவாரு. அவருக்கும் வீட்ல யாரோ காத்திட்டிருப்பாங்க. பின்னால நிக்க இடமில்லாம ஜனம் தொங்கிட்டு வருது. அவங்கள்ல யாருக்குச் சொல்லியிருக்க?"

"நான் சொல்ல முடியாதுக்கா. உன்கிட்ட சொன்னதே தப்பு."

"அப்போ என்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. சொல்ற இடத்துல சொல்லு." அக்காவின் குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு நான் அதே வண்டியத்தான் எடுப்பேன்."

தங்கை வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். அக்கா சொன்னது நியாயம் என்பதுதான் அவளை அதிகம் குடைந்தது. யார்டில் அத்தனை முடிச்சு போட்டது யாருக்காக என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. வேலை, செய்தாள். இப்போது பயம் வந்ததும் முதலில் ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஆள்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று ஒரு மனசு கேட்டது. இருக்கிறது என்று இன்னொரு மனசு விடாமல் சொன்னது.

மறுநாள் காலை இன்ஜினியர் பையை இறக்கி வைக்கும் முன்பே அவள் ஆரம்பித்தாள்.

"சார், நேத்து எங்க அக்காகிட்ட அந்தப் பக்கம் போகாதேன்னு சொல்லிட்டேன். ஆபீஸ் விஷயத்தை வெளிய சொன்னது தப்புதான். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். என் வீட்டு ஆளைத் தடுக்கற அளவுக்கு எனக்குப் பயம் வந்துடுச்சுன்னா, அது எல்லாருக்கும் சொல்லவேண்டிய பயம்தானே?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முந்தாநாள் எங்க அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்" என்றார். "சுத்து வழியில. ஏன்டா இவ்வளவு சுத்தறேன்னு கேட்டாங்க. டிராஃபிக்னு சொன்னேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் போனை எடுத்து, சுரங்கத்தில் ஒரு பக்கச் சாலையை மட்டும் உடனே மூடச் சொன்னார்.

மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அந்த மூன்று வளையங்களை லேசர் கருவியால் அவர் அளந்தார், அவள் விளக்கைப் பிடித்தாள். பார்வைக்கு ஒன்றுமில்லை. அளவில் இருந்தது. வளையம் மேலிருந்து அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. துண்டுகள் சேரும் இடத்தில் முடி அளவு விரிசல், அதில் ஈரம்.

"மேலேர்ந்து எதுவோ அமுக்குது" என்றார் அவர். "மேல என்ன இருக்கு?"

"பழைய விளையாட்டு மைதானம் சார். காலி இடம்."

முழுச் சுரங்கத்தையும் மூடச் சொல்லிவிட்டு, குன்றின்மேல் ஏறிப்போனார்கள். காலி இடம் காலியாக இல்லை. பக்கத்தில் ஏதோ கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து அங்கே குவித்திருந்தார்கள். மழை அதை நன்றாக நனைத்திருந்தது. மைதானத்தின் கோல் கம்பத்தில் மேல்விட்டம் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. அவர்கள் நின்றுகொண்டிருந்தபோதே இன்னொரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "கொஞ்சம் ஒதுங்குங்க, கொட்டணும்" என்றார்.

"கொட்டாதீங்க" என்று முடிச்சக்கா லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கீழே சுரங்கம் இருப்பதை அவள் சொன்னதும், அந்த மனிதர் இறங்கித் தன் காலடி மண்ணையே பார்த்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

மண்ணை அள்ளி முடிக்கப் பல நாள் ஆனது. அவசரமாக ஒரே பக்கம் அள்ளினால் வளையம் கோணிக்கொள்ளும் என்பதால் இரண்டு பக்கமும் சமமாக எடுத்தார்கள். கீழே அந்த மூன்று வளையங்களுக்கும் உள்பக்கமாக இரும்பு வளைவு வைத்துத் தாங்கினார்கள். எண்கள் மெதுவாக இறங்கின. பழைய இடத்துக்கு முழுதாக வரவில்லை. ஒரு தடவை நெரிபட்ட கான்கிரீட் அப்படியே மீளாது என்று இன்ஜினியர் சொன்னார். விசாரணையில், ஒரு வாரம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டபோது, மஞ்சளுக்காகக் காத்திருந்தோம் என்று மட்டும் சொல்லாமல், தன் அம்மாவைச் சுற்று வழியில் கூட்டிப் போனதையும் அவர் சொன்னார். அக்காவிடம் பேசியதை அவளும் சொன்னாள். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பக்கத்துச் சென்சார்கள் சேர்ந்து நகர்ந்தால், பச்சையாக இருந்தாலும் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று புது விதியும் வந்தது.

சுரங்கம் திறந்த அன்று முடிச்சக்கா வேலைக்கு அக்காவின் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா. பஸ் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிச்சம் மாறியதும் அவர் ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா சுத்திச் சுத்தி இடுப்பே போச்சு. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன, ஒரு ஸ்விட்ச்சைத் தட்டி மூடிட்டாங்க."

கண்ணாடியில் அக்காவின் கண்கள் ஒரு கணம் தங்கையைத் தேடிவிட்டுச் சாலைக்குத் திரும்பின.

"ஆமாம்மா" என்றாள் முடிச்சக்கா. "கொஞ்சம் முன்னாடியே தட்டியிருக்கணும்."

அந்த அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.