ஆமையின் மேல் ஒரு மேயர்

வலது காலால் மேசையை ஓர் உதை. நாற்காலி உருண்டு தண்ணீர்க் குடுவைக்கு முன்னால் போய் நிற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர். இடது காலால் சுவரில் ஓர் உதை. ஜன்னல். தெருவில் ஒருவர் குடையை மறந்துவிட்டு வந்து, வானத்தைப் பார்த்து, திரும்பி ஓடுகிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு தள்ளு. மறுபடியும் மேசை. மேயரின் காலை ஊர்வலம் இவ்வளவுதான். இதற்குள் அடுத்த வாரத்து நகரம் பிறந்துவிடும்.

"எழுதிக்கம்மா. 'குடையை மறந்துட்டு வந்த நகரம்.'"

எதிர் மேசையில் பக்கம் வடிவமைக்கும் பெண் தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். "எந்த ஊர் சார் இது?"

"அது வாசகர் கவலை. நமக்கு எதுக்கு அது?"

அவர் எந்த ஊருக்கும் மேயர் இல்லை. ஒரு வாரப் பத்திரிகையில் 'உட்கார்ந்தே ஒரு புதையல் வேட்டை' என்கிற பக்கத்தை நடத்துகிறவர். வாரம் ஒரு நகரத்தின் பட்டப்பெயரைத் தருவார். அது எந்த நகரம் என்று வாசகர் கண்டுபிடித்து, உலகப் படத்தில் புள்ளி வைத்து, போன வாரத்துப் புள்ளியோடு கோடு போட வேண்டும். கோடுகளெல்லாம் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். புதையல் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் வழி. போய்த் தோண்ட வேண்டாம். இடத்தைச் சொன்னால் போதும், பரிசு வீடு தேடி வரும். இத்தனை நகரங்களைக் கட்டி மேய்ப்பதால் அலுவலகத்தில் அவருக்கு மேயர் என்று பெயர் வந்தது. வீட்டிலும் அதே பெயர்தான். அங்கே அதைச் சொல்லும் தொனி வேறு.

நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சுழல் நாற்காலி. ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். ஒரு சக்கரம் சுற்றாது, இழுபடும். அதனால் எங்கே கிளம்பினாலும் கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கித்தான் போய்ச் சேரும். தரையில் அதற்கென்று தடமே விழுந்திருக்கிறது. அலுவலகத்துக்கு முதலில் வருகிறவரும் கடைசியில் போகிறவரும் அவர்தான் என்பதால், அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. மதியத்துக்கு மேல் சற்று நேரம் நாற்காலி காலியாக இருப்பதுண்டு. அப்போது எல்லாரும் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலுக்கு ஒரு கேடும் இல்லை. கேட்டால், "யோசனைங்கறது மடியில தூங்கற பூனைங்க. எழுந்தா போயிடும்" என்பார். பத்திரிகை முதலாளி ஒருமுறை வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேயர் பேனாவை மட்டும் எழுப்பினார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒளி நகரம், நித்திய நகரம், காற்று நகரம் என்று ஊரறிந்த பெயர்களைக் கொடுத்தார். வாசகர்களும் ஊரறிந்த விடைகளை அனுப்பினார்கள். தகராறு 'கிழக்கின் வெனிஸ்' வந்த வாரம் ஆரம்பித்தது. ஒரு கால்வாய் இருக்கிற ஊரெல்லாம் தானே கிழக்கின் வெனிஸ் என்றது. அடுத்து 'தோட்ட நகரம்'. நாலு பூந்தொட்டி வைத்த ஊரெல்லாம் வரிசையில் வந்து நின்றது. மூட்டை மூட்டையாக வந்த விடைக் கூப்பன்களைப் பார்த்து மேயர் ஒரு முடிவுக்கு வந்தார். இருக்கிற பெயருக்கு இத்தனை சொந்தக்காரர்கள் என்றால், இல்லாத பெயரையே கொடுத்துவிடலாமே.

'பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் நகரம்.' 'மாமியார் வந்து தங்கிவிட்ட நகரம்.' 'சில்லறை இல்லை என்று சொல்லும் நகரம்.' எதற்கும் அவரிடம் விடை இல்லை. ஆனால் வாசகர்களிடம் இருந்தது. அதுதான் ஆச்சரியம். ஒவ்வொருவரும் ஒரு நகரத்தைச் சொன்னார்கள், மறுக்க முடியாத காரணத்தோடு. எந்த ஊருக்கு அதிகக் கூப்பன் வந்ததோ அதுவே சரியான விடை என்று அடுத்த வாரம் அறிவித்தார்.

"இது ஏமாத்து வேலை இல்லையா சார்?" என்று வடிவமைக்கும் பெண் கேட்டாள்.

"ஊருக்குப் பேரு வைக்கறது ஜனங்கம்மா. நான் பேரை நடுத்தெருவுல வைக்கறேன். அவங்க எடுத்துட்டுப் போய் ஒரு ஊர் மேல மாட்டறாங்க."

'கொட்டாவி நகரம்' என்று ஒன்று போட்டபோது விவகாரம் வாசலுக்கே வந்தது. அந்தப் பெயர் தலையில் விழுந்த ஊரின் நகரசபையிலிருந்து மூன்று பேர் வழக்குப் போடுவோம் என்று வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் இரண்டாவது இடத்துக்கு வந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குத்தான் ஆத்திரம் அதிகம். "எங்க ஊரைவிட அங்க அப்படி என்ன பெரிய கொட்டாவி?" என்று மேசையைத் தட்டினார்கள். முதல் ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதுவரை வேண்டாம் என்று சொன்ன பெயரை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். வாக்குவாதம் முற்றிய நேரத்தில் அவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு எல்லாரும் விட்டார்கள். மேயர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. இன்றைக்கு அந்த ஊர் நுழைவாயில் வளைவில் 'கொட்டாவி நகரம் உங்களை வரவேற்கிறது' என்று எழுதியிருக்கிறதாம். போய்ப் பார்க்கவில்லையா என்றால், "அது அங்கதானே இருக்கு, எங்க போயிடப்போகுது" என்கிறார்.

இனி புதையல். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளை ஆமை. வேட்டை தொடங்கிய அன்று பத்திரிகையின் ஆசிரியரம்மா அதை அவரிடம் கொடுத்து, "எங்கயாவது மறைச்சு வைங்க. எனக்குக்கூடச் சொல்லாதீங்க" என்றார். மேயர் உலகப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்டம் கண்டமாகப் பார்த்தார். பிறகு கையைக் கீழே விட்டு, இருக்கையின் கிழிசல் வழியாகப் பஞ்சுக்குள் ஆமையைச் செருகிவிட்டு, "மறைச்சாச்சு" என்றார். அன்றிலிருந்து அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். நாள்பட அது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. வேகமாகத் திரும்பினால் 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவரும் ஆமாம் என்பார்.

அவருக்கு ஓய்வு பெறும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. வழியனுப்பு விழாகூட நடந்தது. அதிலும் உட்கார்ந்தபடிதான் நன்றி சொன்னார். வேட்டை பாதியில் நிற்பதால் ஆசிரியரம்மா ஓர் ஏற்பாடு செய்தார். "ஆமை கிடைக்கிற வரைக்கும் நீங்க வாங்க மேயர் சார். கிடைச்ச வாரத்தோட பக்கத்தை மூடிடுவோம். இந்த நாற்காலியையும் பழைய சாமான்காரர்கிட்ட தள்ளிடலாம்." மேயர் தலையாட்டினார். வாசகர் யாரும் எந்நாளும் நெருங்க முடியாதபடி பெயர்கள் பிறக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் உட்கார அவருக்குப் பயம். காரணம் அவர் மனைவி. அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியை. ஊரில் பாதிப் பேர் அவர் அதட்டலில்தான் பிரேக்கை மிதிக்கக் கற்றார்கள். கணவர் வீட்டோடு வந்துவிட்டால் அவருக்கும் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானமாக இருக்கிறார்.

"அதுவும் உட்கார்ந்து பண்ற வேலைதானேங்க? உங்களுக்கென்ன கஷ்டம்?"

"அதுல எல்லாம் நகருதே. நான் உட்கார்ந்தா உலகம் நிக்கணும்."

"உலகம் பூரா ஆளறீங்க. மாடிக்குப் போய் ரெண்டு துணி எடுத்துட்டு வர முடியல."

இந்த இடத்தில் பல் டாக்டர் வருகிறார். வேட்டையின் முதல் வாரத்திலிருந்து விடாப்பிடியாகத் துரத்துகிற வாசகர். மேயர் அவரைப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை தோறும் குரல் மட்டும் தொலைபேசியில் வரும். பின்னணியில் எப்போதும் யாரோ ஒருவர் 'ஆ' என்று சொல்லிக்கொண்டிருப்பார். நோயாளிகள் வாய் திறந்திருக்கும் நேரத்தில்தான் டாக்டர் அவர்களிடம் விடை கேட்பார். மறுத்துப் பேச யாராலும் முடியாது. வீட்டில் மட்டும் எதிர்ப்பு உண்டு. "என் மாமியார் எதிர்க்கட்சி சார். நான் ஒரு ஊர் எழுதினா, அவங்க வேற ஊர் எழுதி அதே தபால்பெட்டியில போடறாங்க."

போன மாதம் அவர் குரலில் நடுக்கம் இருந்தது. "சார், எல்லாக் கோடும் நடுக்கடல்ல போய் வெட்டிக்குது."

"நல்ல இடம்" என்றார் மேயர்.

"அங்க ஊரே இல்லையே சார்!"

"இன்னும் இல்ல."

டாக்டர் சிரித்தார். பின்னால் இருந்தவர் "ஆ" என்றார். திங்கட்கிழமைப் பேச்சு முடிந்ததும் எப்போதும் மேயர் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். மற்ற நாட்களில் அப்படிச் சுற்றுவதில்லை.

அந்த டாக்டர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மேயரின் மனைவியிடமே வந்து சேர்ந்ததில் யாருக்கும் பங்கில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாள் தட்டை நகர்த்திவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க டாக்டரோட என்னால முடியலங்க. ரிவர்ஸ் எடுங்கன்னா, குடையை மறந்த நகரம் எதுங்கறாரு. கம்பத்துல இடிச்சாச்சு. பின் விளக்கு போச்சு. எனக்கு வந்த கோவத்துல சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"'டாக்டர், நீங்க ஊரைத் தேடாதீங்க, ஆளைப் பாருங்க. எங்க வீட்டு மனுஷர் ஒரு பொருளை ஒளிச்சு வைக்கணும்னா எழுந்து போகணும். ஆபீஸ்ல அவர் எழுந்திரிக்கவே மாட்டாரு. அப்ப அது எங்க இருக்கும்?' அப்படின்னேன். மனுஷர் அதோட வாயை மூடிட்டு, ரோட்டைப் பார்த்து ஒழுங்கா ஓட்டினாரு."

மேயர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"ஐயய்யோ. நிஜமாவே அங்கதானா?"

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மெதுவாக, "அப்ப வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மேயர் கிழிசலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஸ்பிரிங் விரலைக் கவ்வியதுதான் மிச்சம். ஆமையை எடுக்க வேண்டுமென்றால் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அறுக்க வேண்டும். அதைவிடத் தன்னையே அறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அன்று ஊர்வலம் இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நகரம் எதுவும் பிறக்கவில்லை.

பத்து மணிக்கு ஒல்லியாக, உயரமாக ஒருவர் வாசலில் நின்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"சார், நான்தான்."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தொலைபேசிக் குரலை வைத்துக் குண்டாக இருப்பார் என்று மேயர் நினைத்திருந்தார். "வாங்க டாக்டர்" என்றார். இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் உலகப் படத்தைப் பார்க்கவில்லை. நேராக நாற்காலியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஒரு நாற்காலியைச் சுற்றியே வேலை செய்கிறவரின் பார்வை அது. கோட்டுப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். "அசையாதீங்க சார்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, மண்டியிட்டு, கண்ணாடியைக் கிழிசலுக்குள் விட்டுத் திருப்பினார். மேயரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

வடிவமைக்கும் பெண் மூச்சுவிடாமல் பார்த்தாள். பேச்சுக் குரல் கேட்டு ஆசிரியரம்மாவும் தன் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"என்ன டாக்டர், கிடைச்சாச்சா?"

டாக்டர் நிமிரவில்லை. கண்ணாடியில் ஒரு மஞ்சள் வெளிச்சம் மினுங்கி அவர் மூக்கின் மேல் விழுந்தது. அவர் முகம் ஒரு கணம் பூரித்துப் போனது. இத்தனை காலத்துத் தேடல் அல்லவா. பிறகு அது மெல்ல இறங்கியது.

"கிடைச்சுட்டா பக்கம் நின்னுடுமா மேடம்?"

"அதோட முடிஞ்சுது. அந்த இடத்துல சமையல் குறிப்பு போடலாம்னு இருக்கோம்."

"திங்கட்கிழமை சாருக்குப் போன் பண்ணா?"

"சார் வீட்ல இருப்பாரு."

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை வெளியே எடுத்தார். கோட்டு நுனியால் நிதானமாகத் துடைத்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணு ஆடுது. இப்பப் புடுங்க வேணாம். விட்டு வைக்கலாம்."

"எது?" என்றார் ஆசிரியரம்மா.

"சக்கரம் மேடம். எண்ணெய் போடுங்க." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என் விடை, நடுக்கடல்."

ஆசிரியரம்மா திரும்பினார். "மேயர் சார், சரியா தப்பா?"

மேயருக்கு வாயை மூடச் சிறிது நேரம் பிடித்தது.

"தப்பு."

"அப்பாடா" என்றார் டாக்டர். "என் மாமியாரும் அதைத்தான் எழுதி இருக்காங்க." வாசல் வரை போய்த் திரும்பினார். "அடுத்த வாரம் என்ன நகரம் சார்?"

"இன்னும் பேர் வைக்கல டாக்டர்."

"பொறுமையா வைங்க. வரட்டுமா?"

மேயர் நாற்காலியின் இரண்டு கைகளிலும் உள்ளங்கையை ஊன்றினார். அடியில் 'ணங்' என்றது. பெண் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியரம்மா விட்டத்தைப் பார்த்தார். முழங்கால் மடங்கியபடி, முதுகு வளைந்தபடி, மேயர் இருக்கையிலிருந்து ஒரு சாண் எழுந்து, டாக்டரின் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை அப்படியே நின்றார்.